சீயமங்கலமும் ஒரு வெந்துபோன வேனும்

போன வருஷம் மே மாசம் நடந்தது. எழுதணுமா வேணாமான்னு ரொம்ப நாள் யோசிச்சு, ஆணி கொஞ்சம் குறைஞ்ச இந்த வாரம் உட்கார்ந்து எழுதறேன். கொஞ்சம் நீளமான பதிவு. கொசுவர்த்தி பாதி, சரித்திரம் பாதி.

மாமாகிட்ட ஒரு பழைய வேன் இருந்துச்சு. கல்யாண ட்ரிப் அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சு போன வண்டி. பின்சீட்டெல்லாம் கழட்டி எறிஞ்சுட்டு, ஒரு பலகைக் கட்டில், ஒரு தண்ணி கேன், சின்ன அடுப்பு, ஒரு ஃபேன் எல்லாம் வச்சு நானும் மாமா பையனும் சேர்ந்து 'கேம்பர்' ஆக்கினோம். கேரவன்னு சொன்னா நம்ம ஊர்ல சினிமாக்காரங்க மேக்கப் போடுற வண்டின்னுதான் நினைப்பாங்க, அதனால வீட்ல அதுக்குப் பேரு 'படுக்கை வண்டி'.

முதல் பயணம் எங்கேன்னு கேட்டப்ப ஆயா ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க. "சீயமங்கலம் போலாம் கண்ணு. தூணாண்டாரைப் பாத்து முப்பது வருஷம் ஆவுது." ஆயாவுக்கு எழுபத்தாறு வயசு. பொறந்தது தேசூர் பக்கம். சின்ன வயசுல மாட்டு வண்டில அந்தக் கோயிலுக்குப் போனதை இன்னமும் கதையா சொல்வாங்க.

செஞ்சில ராத்திரி தங்கிட்டு, காலைல வடக்கே கிளம்பி சீயமங்கலம் போய்ச் சேரும்போது பத்தரை மணி இருக்கும். பாறைக்குக் கொஞ்சம் தள்ளி வெட்டவெளியில வண்டியை நிறுத்தினேன். மரத்தடி இருந்துச்சு, அங்க ஏற்கனவே ரெண்டு டிராக்டர். இறங்கற நேரம் பார்த்து ஆபீஸ்லேர்ந்து போன். ரிலீஸ்ல பிரச்சனை, அஞ்சு நிமிஷம்னு சொன்னாங்க. "ஆயா நீங்க உள்ளயே படுங்க, வெளிய வெயிலு"ன்னு சொல்லிட்டு, டீசல் செலவாகுதேன்னு இஞ்சினையும் ஏசியையும் அணைச்சிட்டு, ஒரு சுவரோரமா நின்னு பேச ஆரம்பிச்சேன். கண்ணாடி எல்லாத்துக்கும் உள்பக்கமா அழகா நீலக் கலர்ல திரை தைச்சுப் போட்டிருந்தோம். திரை இருக்கே, என்ன ஆயிடப் போவுதுன்னு நெனப்பு.

அஞ்சு நிமிஷம் இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. திரும்பி வந்து கதவைத் திறந்தா, அடுப்பு மூடியைத் திறந்த மாதிரி முகத்துல அடிச்சுது. ஆயா சுயநினைவு பாதிதான் இருந்தாங்க. உடம்பு கொதிக்குது, பேச்சு குழறுது. நான் போட்ட சத்தத்துல பக்கத்துல இருந்த ஒரு அம்மா ஓடிவந்து, அவங்க முந்தானையை நனைச்சு ஆயா கழுத்துல சுத்தி, "தூக்குப்பா, கோயிலுக்குள்ள தூக்கு, நின்னுக்கினு இருக்கியே"ன்னு அதட்டினாங்க. ரெண்டு பேரா தூக்கிட்டு மண்டபத்துக்குள்ள போய் கல்தரைல படுக்க வச்சோம். குருக்கள் நடை சாத்தப் போற நேரம், ஆனா ஒண்ணும் சொல்லல, ஒரு சொம்பு தண்ணி கொண்டுவந்து வச்சார். கால் மணி நேரத்துல ஆயா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாங்க. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி, ட்ரிப்ஸ், அம்மாகிட்ட வாங்கின திட்டு எல்லாம் தனிக்கதை.

ஆனா அன்னைக்கு சாயங்காலம் ஆயா சொன்ன ஒரு வாக்கியம்தான் இந்தப் பதிவுக்கே காரணம். "வண்டிக்கு உள்ள துணி கட்டி இன்னாடா பிரயோஜனம்? வெயிலு உள்ள வந்துட்டப்புறம்தானே துணி மேல படுது?"

நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சவன் நான். வெப்பக் கடத்தல் பேப்பர்ல நல்ல மார்க்கு வேற.

கணக்கு ரொம்ப சிம்பிள். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் கொண்டு வரும். வேன்ல முன்கண்ணாடி, பக்கக் கண்ணாடின்னு சேர்த்து வெயில் படுற பரப்பு ரெண்டு சதுர மீட்டர்னு வச்சுக்கோங்க. சாய்வுக்கு எல்லாம் கழிச்சாலும் ஒரு கிலோவாட்டுக்குக் குறையாம உள்ள வரும். ஒரு இஸ்திரிப் பெட்டியை ஆன் பண்ணி உள்ள வச்சிட்டுக் கதவைச் சாத்தின மாதிரி. அதுலயும் கண்ணாடிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சூரிய ஒளியை உள்ள விடும். அந்த ஒளி பட்டு சூடான துணியும் சீட்டும் திருப்பி வெளிய விடுற வெப்பக் கதிரை விடாது. ஆக என் நீலத்திரை வெயிலைத் தடுக்கல. அதுவே சூடாகி, ஆயா தலைமாட்டுல ஒரு ரேடியேட்டரா நின்னிருக்கு. கலரும் நல்லா அடர்த்தியான நீலம். கூரைத் தகரம் பங்குக்கு அது வேற.

சரி, இப்ப சரித்திரத்துக்கு வருவோம். ஆயாவைக் காப்பாத்தின அந்தக் கல்தரை யாரோடதுன்னு பார்த்தா, மகேந்திரவர்ம பல்லவனோடது. ஏழாம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஒரு பெரிய தனிப்பாறையைக் குடைஞ்சு எடுத்த கோயில். அங்க இருக்கற கல்வெட்டு இதை 'அவனிபாஜன பல்லவேஸ்வரம்'னு சொல்லுது. அவனிபாஜனன், லளிதாங்குரன் எல்லாம் அவரோட பட்டப்பேர்கள். (பட்டப்பேர் வச்சுக்கறதுல இன்னைக்கு இருக்கற எந்தத் தலைவரும் மகேந்திரவர்மன்கிட்ட நெருங்க முடியாது.) முகப்புத் தூண்ல சின்னதா ஆடுற சிவன் ஒருத்தர் இருக்கார். பல்லவர் கலையில ஆடும் சிவனோட ரொம்பப் பழைய உருவங்கள்ல ஒண்ணுன்னு சிற்பம் தெரிஞ்சவங்க சொல்றாங்க. குடைவரைக்கு முன்னால பிற்காலத்துல மண்டபங்கள் கட்டிச் சேர்த்துட்டாங்க. அதனால இப்ப குகைக்குள்ள நேரா வெயில் எட்டிப் பார்க்கவே வழியில்லை. அதே ஊர்ல குன்று மேல சமணச் சிற்பங்களும் இருக்கு, பார்சுவநாதர், பாகுபலி எல்லாம். பாறை நிழலையே வீடாக்கி வாழ்ந்தவங்க அவங்க.

பாறை ஏன் குளிர்ச்சியா இருக்கு? பகல் சூடு பாறைக்குள்ள ரொம்ப தூரம் போறதில்லை. அரை மீட்டர் ஆழம் போறதுக்குள்ளயே அடங்கிடும். சூடு உள்ள நகர்ந்து வர்றதுக்குள்ள ராத்திரி வந்து வெளிய இழுத்துடும். அதனால உள்ள எப்பவும் ஏறக்குறைய வருஷ சராசரி வெப்பம்தான். மே மாச மத்தியானத்துல அது சொர்க்கம். ஆனா பாறைக்குச் சக்கரம் கட்ட முடியாதே! என் வேன் சுவர் ஒரு மில்லிமீட்டர் தகரம். அதனால குகை எனக்கு உதவல. உதவினது செஞ்சி.

முந்தின நாள் சாயங்காலம் செஞ்சிக் கோட்டைல கல்யாண மகாலைப் பார்த்தப்ப, எல்லாரையும் போல நானும் போட்டோ எடுத்துட்டு வந்துட்டேன். ஆயா சம்பவத்துக்கு அப்புறம் அந்தப் போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்க்கும்போதுதான் மண்டைல உறைச்சுது. 2025 ஜூலைல யுனெஸ்கோ 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்'னு பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சே, அதுல தமிழ்நாட்டுலேர்ந்து செஞ்சி ஒண்ணுதான். அந்தப் பெருமைல எல்லாரும் ராஜகிரி உச்சியைத்தான் பேசறாங்க. எனக்கு என்னமோ அந்தக் கோபுரம் மாதிரி நிக்கற மகால்தான் பெரிய விஷயமா படுது.

நடுவுல எட்டு அடுக்கு, ஏறக்குறைய 80 அடி உயரம், மேல கூம்புக் கூரை. சுத்திலும் முற்றம், அதைச் சுத்தி அறைகள். கோபுரத்துல ஒவ்வொரு அடுக்குலயும் ஒரே ஒரு அறை. எட்டடிக்கு எட்டடிதான். கிட்டத்தட்ட என் படுக்கை வண்டி சைஸ்! ஆனா அந்தக் குட்டி அறையைச் சுத்தி நாலு பக்கமும் வளைவுகள் வச்ச தாழ்வாரம். வெயில் முதல்ல தாழ்வாரத்துல விழும். அங்கயே அதோட கதை முடிஞ்சிடும். அறைச் சுவத்துல படுறது வெளிச்சமும் காத்தும்தான். முக்கியமான விஷயம், உள்ள உட்கார்ந்திருக்கறவங்களுக்கு வெளிய மூணு மலையும் தெரியும். வெயிலும் வராது, பார்வையும் மறையாது. போதாக்குறைக்கு கோட்டைக்கு வெளிய இருந்த நீர்த்தேக்கத்துலேர்ந்து மண் குழாய் வழியா ஆறாவது அடுக்கு வரைக்கும் தண்ணி ஏத்தியிருக்காங்க. நாயக்கர் காலத்து வேலை. குளிக்கவா, தரையை நனைக்கவா, எதுக்கா இருந்தாலும் அந்த உயரத்துல காத்தோட்டமும் தண்ணியும் சேர்ந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை.

சரி, அது கட்டடம். நகர்ந்துகிட்டே இருக்கறவங்க என்ன பண்ணாங்க? இதே செஞ்சில எட்டு வருஷம் கூடாரத்துல வாழ்ந்தவங்க இருக்காங்களே!

1689-ல சிவாஜியோட மகன் ராஜாராம் மகாராஷ்டிரத்துலேர்ந்து தப்பிச்சு செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த வருஷமே ஔரங்கசீப்போட தளபதி சுல்பிகர் கான் வந்து முற்றுகை போட்டார். பின்னாலயே இளவரசர் காம் பக்ஷ், வசீர் அசத் கான். கோட்டை விழுந்தது 1698-ல. நடுவுல 1693 ஜனவரில முகலாயர் நிலைமை மோசமாகி, முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினாங்க. அதாவது எங்க ஆயா ஊர்ப் பக்கம்! வடக்கே பொறந்து வளர்ந்த சிப்பாய்ங்க இந்தக் கருங்கல் மலை அடிவாரத்துல எத்தனை மே மாசத்தைத் தள்ளியிருப்பாங்கன்னு நெனச்சா, எதிரின்னாலும் பாவமா இருக்கு. ராத்திரி எட்டு மணிக்கும் அந்தப் பாறைங்க அனல் கக்கும், போய்ப் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

முகலாயருங்க நகரும் வாழ்க்கைக்குப் பேர் போனவங்க. பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் 1660கள்ல ஔரங்கசீப் காஷ்மீர் போனப்ப கூடவே போனவர். பாதுஷாவுக்கு ரெண்டு செட் கூடாரம். ஒண்ணுல அவர் தங்கியிருக்கும்போதே இன்னொண்ணு அடுத்த ஊருக்கு முன்னாடியே போய் நின்னுடும்னு எழுதியிருக்கார். வெயிலுக்கு அவங்க வச்சிருந்த வைத்தியம் 'கஸ்கானா'. அக்பர் காலத்து அயினி அக்பரியிலயே அபுல் ஃபசல் இதைச் சொல்றார். மூங்கில் சட்டம் கட்டி, அதுல 'கஸ்'ங்கற வாசனை வேரை அடைச்சு, வெளியிலேர்ந்து தண்ணி தெளிச்சா கோடையிலேயே குளிர்காலம் வந்துடுமாம். டெல்லிப் பெரிய மனுஷங்க தோட்டத்துல தண்ணித் தொட்டி பக்கத்துல இந்த மாதிரி குடில் கட்டி, வேலைக்காரங்க தோல்பையில தண்ணி ஊத்துவாங்கன்னு பெர்னியரும் எழுதியிருக்கார்.

அந்த 'கஸ்' என்னன்னா, நம்ம வெட்டிவேர்!

நம்ம வார்த்தை அது. பிரெஞ்சுக்காரங்க வாய்க்குள்ள போய், அங்கேர்ந்து இங்கிலீஷுக்குப் போய், இன்னைக்கு உலகம் பூரா செண்ட்டு பாட்டில்ல 'வெட்டிவர்'னு போட்டிருக்கு. புதுச்சேரி வழியாத்தான் போயிருக்கணும்ங்கறது என் ஊகம். 1750-ல புஸ்ஸி தலைமையில செஞ்சியைப் பிடிச்சு 1761 வரைக்கும் வச்சிருந்தவங்களும் அவங்கதானே. கடலூர்ப் பக்கம் மணல்ல இன்னமும் பயிர் பண்றாங்க. தோண்டி எடுத்த ஈர வேரை முகர்ந்து பார்த்திருக்கீங்களா? மழை பெஞ்ச மண்ணைக் கையில எடுத்த மாதிரி இருக்கும்.

வெள்ளைக்காரங்க வந்ததும் இதை அப்படியே சுவீகாரம் எடுத்துக்கிட்டாங்க. கதவுக்கும் ஜன்னலுக்கும் வெட்டிவேர் தட்டி, அதை நனைச்சுக்கிட்டே இருக்க ஒரு ஆள். 1830கள்ல 'தெர்மான்டிடோட்'னு ஒரு பூதம் வேற. பெரிய மரப்பெட்டி, உள்ள கையால சுத்துற விசிறிச் சக்கரம், பக்கவாட்டுல ஈர வெட்டிவேர் தட்டி. வட இந்தியாவுல இருந்த ஃபேனி பார்க்ஸ்ங்கற அம்மா தன்னோட பயணப் புத்தகத்துல இதைப் பத்தி எழுதியிருக்காங்க. இப்ப நாம கடைல வாங்குற ஏர்கூலரோட தாத்தா அதுதான். தாத்தாவுக்கு மின்சாரம் கிடையாது, வெளிய ஒரு கூலியாள் வெயில்ல நின்னு சுத்தணும். உள்ள ஒருத்தருக்குக் குளிரணும்னா வெளிய ஒருத்தர் வேகணும். (ஏசியோட வெளிப்பெட்டி பக்கத்துல வீடு இருக்கறவங்களைக் கேளுங்க, இப்பவும் அதே கதைதான்.)

இந்தத் தட்டி ரயிலேறின கதை எனக்கு ரொம்பப் பிடிச்சது. தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்துலேர்ந்து வாலாஜா ரோடு வரைக்கும் ஓடுச்சு. இரும்புச் சக்கரம், மேல கூரை, வெட்டவெளில மணிக்கணக்கா நகருற பெட்டி. அதுவரைக்கும் பல்லக்கிலயோ வில்வண்டிலயோ போனவங்க கோடையில ராத்திரிலதான் கிளம்புவாங்க. ரயில் டைம்டேபிளுக்கு அந்த நியாயமெல்லாம் தெரியாது. அதனால பெட்டியையே மாத்த வேண்டி வந்துச்சு. ரெட்டைக் கூரை போட்டாங்க, நடுவுல காத்து ஓடட்டும்னு. ஜன்னலுக்கு மேல வெளியே நீட்டிக்கிட்டு ஒரு பலகை, தொப்பி விளிம்பு மாதிரி. கண்ணாடிக்குக் கூடவே சாய்வா பலகை அடுக்கின ஒரு ஷட்டர். 1870கள்ல கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே முதல் வகுப்பு ஜன்னல்ல வெட்டிவேர் தட்டி பொருத்தி, ஓடும்போதே அது நனைஞ்சுக்கிட்டிருக்கற மாதிரி ஏற்பாடு பண்ணிச்சு. வண்டி ஓடுற காத்தே விசிறி, கூலியாள் தேவையில்லை! யாரு யோசிச்சிருந்தாலும் ஒரு சபாஷ். 1934-ல ப்ரான்டியர் மெயில்ல பனிக்கட்டிப் பாளங்களை வச்சு குளிர்விச்ச பெட்டி வந்துச்சு. அதுக்கப்புறம் மெதுவா இயந்திர ஏசி வந்து, ஜன்னலைத் திறக்கவே முடியாம அடைச்சாச்சு.

மூணாம் வகுப்புக்கு இந்த வெட்டிவேர் எல்லாம் கிடையாதுன்னு தனியா சொல்லணுமா? ஆனா அந்த சாய்பலகை ஷட்டர் மட்டும் எல்லாருக்கும் வந்துச்சு. 1955-ல நேரு திறந்து வச்ச பெரம்பூர் ஐசிஎஃப்ல செஞ்ச நீலப் பெட்டிங்கள்ல போனவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு கண்ணாடி, ஒரு உலோக ஷட்டர். மத்தியான வெயில்ல ஷட்டரை இறக்கிவிட்டா பெட்டி இருட்டாகும், இடுக்கு வழியா காத்து வரும், கோடு கோடா வெளிச்சம் மடியில விழும். சின்ன வயசுல திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரம் போறப்ப ஷட்டரைத் தூக்கறதா இறக்கறதான்னு எனக்கும் அப்பாவுக்கும் எப்பவும் சண்டை. நான் பார்க்கணும், அவர் தூங்கணும்.

பஸ்ஸுல ஜன்னலுக்குப் படுதா சுருட்டிக் கட்டியிருந்த காலம் எனக்குத் தெரியாது, ஆயா சொல்லித்தான் தெரியும். மழைக்குக் கட்டினதுதான், ஆனா வெயிலுக்கும் இறக்கி விட்டுக்குவாங்களாம். கவனிச்சீங்களா, அதுவும் வெளிப்பக்கமாத்தான் தொங்கும்.

கார் வந்ததும்தான் நம்ம புத்தி மாறிடுச்சு. கண்ணாடிக்கு உள்ள திரை, கண்ணாடிலயே கறுப்பு ஃபிலிம். ஃபிலிம் கதை கோர்ட்டு வரைக்கும் போனது எல்லாருக்கும் தெரியும். மோட்டார் வாகன விதி 100 என்ன சொல்லுதுன்னா, முன் பின் கண்ணாடில 70 சதவீதம், பக்கக் கண்ணாடில 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவணும். கறுப்புக் கண்ணாடிக்குள்ள குற்றம் நடக்குதுன்னு போட்ட பொதுநல வழக்குல, 2012 ஏப்ரல் 27-ல உச்சநீதிமன்றம் எத்தனை சதவீதமா இருந்தாலும் ஃபிலிம் ஒட்டவே கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. அந்த மே மாசம் பூரா ரோட்டோரம் போலீஸ் ஃபிலிம் கிழிச்சுக்கிட்டிருந்ததை நானே பார்த்திருக்கேன். சரியா அக்னி நட்சத்திரத்துல! அப்புறம் 2020-ல விதியைத் திருத்தி, 2021 ஏப்ரல் 1-லேர்ந்து தரக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஃபிலிம் ஒட்டின பாதுகாப்புக் கண்ணாடியையும் ஏத்துக்கிட்டாங்க. அதே 70, 50 கணக்குக்குள்ள இருந்தா ஃபிலிம் ஒட்டினதுக்கு அபராதம் போட முடியாதுன்னு 2024-ல கேரள உயர்நீதிமன்றம் சொல்லிச்சு.

இதுல எனக்கு சிரிப்பு வர்ற விஷயம் ஒண்ணு இருக்கு. சட்டம் பேசறது கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்தைப் பத்தி. வெயில் கொண்டு வர்ற சக்தில ஏறக்குறைய பாதி கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு. அதை மட்டும் தடுத்து வெளிச்சத்தை விடுற நல்ல ஃபிலிம் ஒட்டினா சட்டத்துக்கும் பிரச்சனை இல்லை, வெயிலுக்கும் ஓரளவு பதில் சொல்லும். வெறும் கறுப்பு ஃபிலிம் வெளிச்சத்தைக் குறைச்சு, தானே சூட்டை உறிஞ்சி, கண்ணாடியைச் சுட வச்சு, அதுல பாதியை உள்ளயே திருப்பி விடும். என் நீலத்திரையோட சித்தப்பா முறை.

சரி, என் வண்டிக்கு வர்றேன். மாமா "வித்துடு"ன்னார். அம்மா அதைவிட மோசமா சொன்னாங்க. நான் விக்கல. ஏன்னா சீயமங்கலத்துல அன்னைக்கு ஆயா தூணாண்டாரைப் பார்க்கவே இல்லை. மண்டபத்துல படுத்திருந்தாங்க, கண்ணு மூடியிருந்துச்சு, நாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடிட்டோம். முப்பது வருஷம் கழிச்சு வாசல் வரைக்கும் கொண்டுபோய்ப் பார்க்க விடாம திருப்பிக் கூட்டிவந்தவன் நான்.

முதல்ல வெட்டிவேர் தட்டிதான் செஞ்சேன். ஆர்வக்கோளாறு. மூங்கில் சட்டம், கடலூர்லேர்ந்து வாங்கின வேர், மேல ஓட்டை போட்ட குழாய், சொட்டுச் சொட்டா தண்ணி. வாசனை அபாரம். ஆனா இதுக்கும் ஒரு எல்லை இருக்கு. ஈரத் தட்டி காத்தை எவ்வளவு குளிர்விக்கும்ங்கறது காத்துல ஏற்கனவே எவ்வளவு ஈரம் இருக்குங்கறதைப் பொறுத்தது. செஞ்சில மத்தியானம் 40 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம்னு வச்சா கணக்குப்படி 28 வரைக்கும் இறங்க முடியும். அதே தட்டியை சென்னைல 35 டிகிரி, 70 சதவீத ஈரத்துல கட்டினா 30-க்குக் கீழ போகவே போகாது, அதுவும் உள்ள புழுங்கித் தள்ளும். ஆக்ரால அக்பருக்கு ஆன வேலை அடையாறுல ஆகாது. அதுவுமில்லாம ஒரு மத்தியானத்துக்கு ஒரு கேன் தண்ணி குடிச்சிடுது. இந்தப் பக்கத்துக் கிராமங்கள்ல குடிக்கற தண்ணிக்கே குடத்தோட நிக்கறப்ப, ஜன்னலுக்கு ஊத்த எனக்கு மனசு வரல. பின் கதவுக்கு மட்டும் ஒரு சின்ன தட்டி வச்சிருக்கேன், படுக்கைக்கு நேரா.

மத்ததுக்கு எல்லாம் படுதா. வெள்ளை கேன்வாஸ், வெளிப்பக்கம். தகரத்துல ஒட்டிக்கிற காந்தம் தைச்சு, வண்டி நின்ன உடனே மாட்டுற மாதிரி. முன்கண்ணாடிக்கும் அதே, உள்ள இல்லை, வெளிய. முதல் தடவை கண்ணாடியோட ஒட்டி மாட்டினோம். சூடு குறைஞ்சுது, ஆனா ஆயா வண்டிக்குள்ள உட்கார்ந்து பார்த்துட்டு மூஞ்சியைச் சுளிச்சாங்க. "இன்னாடா இது, பொட்டிக்குள்ள போட்டு மூடின மாதிரி. ஒண்ணும் தெரியல. நான் இன்னா மூட்டையா?"

அப்பாவோட ஷட்டர் சண்டை ஞாபகம் வந்துச்சு. கல்யாண மகால் தாழ்வாரமும் ரயில் ஜன்னல் தொப்பியும் மறுபடி மண்டைல வந்து நின்னுச்சு. படுதாவோட கீழ் விளிம்புல ரெண்டு அலுமினியக் குச்சி கொடுத்து, கண்ணாடிலேர்ந்து ரெண்டடி வெளிய தள்ளி நிக்கற மாதிரி மாத்தினோம். இப்ப ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு குட்டித் தாழ்வாரம். காலை எட்டரை மணிக்கு மேல மத்தியானம் மூணு, மூணரை வரைக்கும் சூரியன் உயரத்துல இருக்கறதால நேர் வெயில் கண்ணாடியைத் தொடாது. சாயங்கால மேற்கு வெயிலுக்கு மட்டும் குச்சியைக் கழட்டித் தொங்க விட்டுடணும். ஜன்னலைத் திறந்தே வைக்கலாம், படுதாவுக்கும் தகரத்துக்கும் நடுவுல சூடு தேங்காம மேல இடுக்கு விட்டிருக்கோம். கூரை மேல அதே கேன்வாஸ்ல நாலு விரக்கடை இடைவெளி விட்டு ஒரு ரெட்டைக் கூரை. பழைய ரயில் பெட்டிக்கு நன்றி. மொத்தச் செலவு நாங்க தைச்ச நீலத்திரையை விடக் கம்மிதான்.

எங்க வீட்ல வீட்டோ பவர் அம்மாகிட்ட. இந்த ஏப்ரல்ல, ஒரு ஞாயித்துக்கிழமை, வாசல்ல மொட்டை வெயில்ல வண்டியை நிறுத்திட்டு அம்மாவையே ஒரு மணி நேரம் உள்ள உட்காரச் சொன்னேன். நானும் கூடவே உட்கார்ந்தேன். இஞ்சின் ஆஃப், ஏசி ஆஃப். வெளியே 38, உள்ளே 37ன்னு தெர்மாமீட்டர் காட்டுச்சு. ஃபேன் மட்டும் ஓடுச்சு. அம்மா ஒண்ணும் சொல்லாம கீரை ஆய்ஞ்சு முடிச்சிட்டு, "தனியா விட்டுட்டு போன் பேசப் போனே, அப்புறம் இருக்கு உனக்கு"ன்னு எழுந்து போனாங்க. அனுமதி கிடைச்சாச்சுன்னு அர்த்தம்.

அடுத்த வாரமே கிளம்பிட்டோம். இந்தத் தடவை அதிகாலைல புறப்பட்டு, ஏழரைக்கெல்லாம் சீயமங்கலம். போனை வீட்லயே வச்சிட்டேன் :-) டிராக்டர்காரங்களுக்கு முன்னாடி போய் மரத்தடியும் பிடிச்சாச்சு, மேல படுதாவும் போட்டாச்சு. முந்தானையை நனைச்சுக் கொடுத்த அந்த அம்மாவைத் தேடிப்பிடிச்சு ஆயா ஒரு புடவை கொடுத்தாங்க. "அந்தப் பையன்தானே, நின்னுக்கினே இருந்தானே"ன்னு என்னை அடையாளம் சொல்லிட்டு சிரிச்சாங்க அவங்க.

ஆயா மெதுவா நடந்து உள்ள போய் ரொம்ப நேரம் நின்னாங்க. தூண்ல ஆடுற சிவனை நான் காட்டினேன். "இதெல்லாம் எனக்குத் தெரியாதா, நான் பாவாடை கட்டிக்கினு வந்தப்பவே பாத்தது"ன்னு சொல்லிட்டு, போன வருஷம் படுத்திருந்த இடம் எதுன்னு கேட்டாங்க. காட்டினேன். குனிஞ்சு அந்தக் கல்லைக் கையால தடவிப் பார்த்துட்டு, "இன்னும் சில்லுனுதான் கீது"ன்னாங்க.

திரும்பும்போது மணி பதினொண்ணு. தேசூர் தாண்டி ஒரு ஏரிக்கரைல நிறுத்திக் கட்டுச்சோறு சாப்பிட்டோம். படுதாவை நீட்டிவிட்டு, ஆயா கட்டில்ல சாய்ஞ்சு, ஜன்னல் வழியா வறண்ட ஏரியையே பார்த்துக்கிட்டு எங்க மாமனார் வீட்டுக் கழனி அந்தப் பக்கம், எங்க வீட்டுக் கழனி இந்தப் பக்கம்னு கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கிட்டே வந்தாங்க. பாதில தூங்கிட்டாங்க. நான் நகரவே இல்லை, பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன்.

டிஸ்கி: காந்தம் அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல தாங்காது. படுதாவைக் கழட்டாம கிளம்பி, வந்தவாசி ரோட்டுல ஒண்ணு பறந்து போயிடுச்சு. வெள்ளை கேன்வாஸ், ஓரத்துல ஆயா கையால போட்ட தையல். யாராவது பார்த்தா எடுத்து வைங்க.